கூத்துப் பாட்டில் பின்பாட்டின் இடம்

முன்னுரை

தமிழகத்தின் வட பகுதியில், சிறப்பாகத் திருவண்ணாமலை, காஞ்சிபுரம், வேலூர், விழுப்புரம் ஆகிய மாவட்டங்களின் சிற்றூர்களில், இரவு முழுதும் ஆடப்பெறும் கூத்தினைத் தெருக்கூத்து என வழங்குவர். கட்டையாலாகிய அணிகளைப் பூண்டு ஆடுதலின் அதனைக் கட்டைக்கூத்து என்பாரும் உளர். பெயர் பற்றிய கருத்து வேறுபாட்டினுள் நாம் ஈண்டுப் புகவில்லை. அக்கூத்தில் வரும் பாட்டுகளும், அப்பாட்டுகளை நடிகரின் பின்னிருந்து நடத்துவோரின் பணியுமே இக்கட்டுரையின் பொருளாகும்.

கூத்துப் பாட்டுகளைப் பற்றிக் கற்றோரிடையே வழங்கும் குறைகள் மூன்று. கூறியதையே மீட்டும் மீட்டும் கூறுதல் ஒன்று. தன்மையிற் பேச வேண்டிய பாத்திரம் தன்னைப் படர்க்கையில் வைத்துப் பாடுதல் மற்றொன்று. அடிகள் ஓரிடத்து நிறைந்தும் ஓரிடத்துக் குறைந்தும் நின்று யாப்பமைதி கெடுதல் பிறிதொன்று. அச்சிட்ட கூத்து நூலைக் கையிற் கொண்டு கண்ணாற் படிப்பார்க்கு இம்மூன்றும் குறைகளாகவே தோன்றும். ஆயின் நள்ளிரவில் களத்தின் ஓரத்தே அமர்ந்து கேட்பார்க்கு இவற்றுள் ஒன்றேனும் குறையாகத் தோன்றுவதில்லை. ஒரே பாட்டு ஏட்டில் குற்றமுடையதாகவும் களத்தில் குற்றமற்றதாகவும் இருத்தல் எங்ஙனம்?

களத்தில் உள்ள ஒன்று ஏட்டில் இல்லை என்பதே இதற்கு விடை. அவ்வொன்று பின்பாட்டு. கூத்துப் பாட்டு ஒருவர் பாடும் பாட்டன்று. முன்னின்று ஆடுவோரும் பின்னின்று பாடுவோரும் பகிர்ந்து கொள்ளும் பாட்டு. அதனை ஒருவர் பாட்டாக அச்சிட்டுப் பின்னர் ஒருவர் பாட்டாகவே மதிப்பிடுதலால் எழுந்தனவே மேற்கூறிய குறைகள் என்பதை நிறுவ முயல்கின்றோம்.

நன்னன் நாட்டுக் கூத்தர்

திருவண்ணாமலைக்கு மேற்கே உள்ள செங்கம், பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாத்தில் செங்கண்மா எனப்படும் ஊராகும். நன்னன் சேய் நன்னனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய அந்நூல் 583 அடிகளை உடையது. கூத்தராற்றுப்படை எனவும் பெயர் பெறும். பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், எதிர்ப்படும் கூத்தர் கூட்டத்தை நன்னனிடம் ஆற்றுப்படுத்துவதாக நூல் அமைந்துள்ளது.

அந்நூலின் தொடக்கம் நம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் துணையாவது. புலவர் ஆடுவோரின் அழகையோ ஆடலின் சிறப்பையோ முதற்கண் கூறினாரல்லர். கருவிகளையே முதலில் கூறுகின்றார். முழவு, ஆகுளி, பாண்டில், கோடு, தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை என அவை நிரல்படக் கூறப்பெறுகின்றன. கார்காலத்துப் பலா மரத்தில் காய்கள் கொத்தாகத் தொங்குமாறு போல, எடை ஒத்து நிற்கும்படி அக்கருவிகளைப் பைகளிற் கட்டிக் காவிச் செல்லும் தோற்றத்தைப் புலவர் உவமையாற் காட்டுகின்றார். ஆட்டத்திற்கு முன்னரும் பின்னரும், பார்ப்போர் கண்ணிற்படாத வழியிடையே, கருவியைச் சுமந்து செல்லும் தோள்களை அவர் மறந்தாரல்லர்.

இதனால் நன்னன் காலத்துக் கூத்தும் இக்காலத்துக் கூத்தும் ஒன்றே என நாம் கூறவில்லை. அவற்றிடையே தொடர்ச்சி காட்டும் சான்றுகள் போதிய அளவில் இல்லை. இல்லாத தொடர்ச்சியைப் பெருமைக்காகப் படைத்துக் கோடல் ஆராய்ச்சியாளர்க்கு அழகன்று. கூத்தினைப் பற்றிப் பேசப் புகும் ஒருவர் யாரிடத்திலிருந்து பேச்சைத் தொடங்குதல் முறை என்பதனை இப்பாட்டு நமக்குக் காட்டுகின்றது. அவ்வளவே நாம் கொள்வது.

களத்தின் அமைப்பு

கூத்து நடைபெறும் களம் எளிமையானது. மூன்று பக்கமும் மக்கள் அமர்வர். பின்பக்கத்தில் ஒரு விசுப்பலகை இடப்பெற்றிருக்கும். ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், கைத்தாளம், முகவீணை ஆகியவற்றை இசைப்போர் அங்கு இருப்பர். அவர்க்குப் பின்னால், கீற்றாலோ துணியாலோ மறைக்கப்பெற்ற ஒப்பனைக் கொட்டகை இருக்கும். அரிதாரம் பூசுதலும் புயக்கட்டை, மார்புக்கட்டை, முடி முதலியவற்றைக் கட்டுதலும் அங்கு நிகழும். முன்னர்த் தீவட்டியும் பின்னர்ப் பெட்ரோமாக்ஸ் விளக்கும் ஒளி தந்த களங்களில் இன்று மின்விளக்கு எரிகின்றது.

பின்பாட்டுப் பாடுவோர் யாவர்? கருவி இசைப்போருள் சிலரும், அவ்வேளையில் வேடம் இல்லாத நடிகர்களும் ஆவர். தம் வேடம் முடிந்து முடியைக் கழற்றியவர் பின்னின்று பாடுவர். இன்னும் இரண்டு நாழிகை கழித்து வேடம் ஏற்க வேண்டியவரும் வந்து பாடுவர். ஆடி ஆடி முதிர்ந்து, கால் தளர்ந்தபின் குரலால் மட்டும் குழுவுக்கு உதவும் பெரியோரும் அவருள் இருப்பர். கூத்து வாத்தியார் பெரும்பாலும் அவரிடையே இருந்து கூத்தினை நடத்துவர். பாட்டு மறந்த இளைஞனுக்கு அடி எடுத்துக் கொடுத்தலும், விடியலுக்குள் கதை முடியாது எனக் கண்டால் பாட்டுகளைக் குறைக்கச் செய்தலும், மக்கள் சோர்வுறின் தாளத்தை விரைவு படுத்துதலும் அங்கிருந்தே நிகழும்.

ஆகவே திரைக்குப் பின் என நாம் கூறும் இடம் கூத்தில் மறைவிடமன்று. மக்கள் கண்முன், விளக்கொளியில், நடிகரின் முதுகுக்குப் பின் உள்ள இடமே அது. பின்னுள்ளோர் காணப்பெறுகின்றனர், ஆயினும் கருதப்பெறுவதில்லை. கூத்தினை ஆராய்வோர்க்கு நேர்ந்த இடர்ப்பாடும் இதுவே.

வரவுப் பாட்டும் இடவழுவும்

இனிக் குறைகளை ஒவ்வொன்றாக ஆராய்வாம். இடவழுவினை முதற்கண் எடுத்துக்கொள்வோம்.

கட்டை வேடம் தாங்கிய பாத்திரம் களத்திற்கு வரும்போது இருவர் ஒரு திரையைப் பிடித்து நிற்பர். பாத்திரம் திரைக்குப் பின்னின்று விருத்தம் பாடும். பின்னர்த் தரு பாடும். திரையின் மேலே முடியின் உச்சி மட்டும் தோன்றும். திரைக்குக் கீழே சலங்கை கட்டிய கால் மட்டும் தோன்றும். மக்களின் ஆவல் முதிர்ந்த பின்னரே திரை விலகும். இவ்வரவுப் பாட்டில் துரியோதனனாக வருபவன், துரியோதன மன்னன் வந்தான் என்னும் பொருள்படத் தன்னையே படர்க்கையிற் பாடுகின்றான். தன் முடியழகையும் படைப்பெருமையையும் பிறன் ஒருவனுடையன போலப் பாராட்டுகின்றான்.

தொல்காப்பியனார் கிளவியாக்கத்தில் இடவழுக் காத்தலைக் கூறினார். நன்னூலாரும் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுவினை ஏழாக்கினார்; ஓரிடத்துச் சொல் பிறிதோரிடத்தைத் தழுவி வருதலும் உண்டு என வழுவமைதியும் கொண்டார். இவ்வமைதியால் வரவுப் பாட்டினைக் காத்துக்கொள்ளலாம் எனச் சிலர் கருதக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. வழு உளதாயினன்றோ வழுவமைதி வேண்டும்?

களத்தில் நிகழ்வதை நோக்குக. பாத்திரம் ஓரடியைப் பாடுகின்றது. பின்பாட்டார் அவ்வடியை வாங்கிப் பாடுகின்றனர். பாத்திரத்தின் வாயில் படர்க்கையாக நின்ற அச்சொல், பின்பாட்டாரின் வாயில் இயல்பான படர்க்கையாகிவிடுகின்றது. மன்னன் வந்தான் எனக் கூறுதற்கு உரியவர் அவரே. அடி முதலில் நடிகரிடம் பிறப்பினும் அது சென்று சேரும் இடம் பின்பாட்டாரிடமேயாகும். அன்றியும் திரைக்குப் பின் நிற்பவர் இன்னும் துரியோதனன் ஆகவில்லை. ஊரார் அறிந்த ஒரு நடிகராகவும் இருக்கின்றார். திரை விலகுமளவும் அவரும் பின்பாட்டாருள் ஒருவரே. வரவு கூறுவோர் கூட்டத்தில் நின்று பாடிக்கொண்டே அவர் வரவுக்குரிய மன்னனாக மாறுகின்றார். திரை விலகி, கிரிக்கி சுற்றிக் களத்தின் நடுவே நின்று, கட்டியங்காரனை விளித்துப் பேசும்போது அவர் பேச்சு தன்மையில் அமைகின்றது. படர்க்கையிலிருந்து தன்மைக்கு வரும் இவ்வியக்கம், மனிதர் ஒருவர் பாத்திரமாகும் இயக்கமாகும். ஏட்டில் வழுவாகத் தோன்றியது களத்தில் நாடக நுட்பமாக விளங்குதல் காண்க.

கூறியது கூறல்

நடிகர் பாடிய அடியைப் பின்பாட்டார் மீட்டும் பாடுவர். நடிகர் அவ்வடியையே மீட்டும் எடுப்பர். பின்னர் அதன் பொருளை வசனத்தில் ஒருமுறை கூறுவர். கட்டியங்காரன் அதனை நகைச்சுவை தோன்ற மறித்துக் கேட்பான். ஒரு செய்தி இங்ஙனம் நான்கு முறை வருதலை ஏட்டிற் படிப்பவர் பொறார்.

இதற்கு முதற் காரணம் மூச்சு. புயத்திலும் மார்பிலும் தலையிலும் மரக்கட்டை அணிகளைத் தாங்கி, சலங்கைக் காலுடன் சுழன்றாடிக்கொண்டே உச்சக் குரலிற் பாடுவார்க்கு அடிதோறும் மூச்சு வாங்க இடம் வேண்டும். அவ்விடத்தைப் பின்பாட்டு தருகின்றது. இரண்டாம் காரணம் தொலைவு. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் களத்தின் கடைசி வரிசையில், பனிக்குப் போர்த்துக்கொண்டு அமர்ந்திருப்பார்க்குச் சொல் சென்று சேரப் பல குரல்கள் வேண்டியிருந்தன.

இவ்விரண்டே காரணங்கள் எனின், ஒலிபெருக்கி வந்தபின் பின்பாட்டு வேண்டா எனக் கூறிவிடலாம். அவ்வாறு கூறுவாரும் உளர். அவர் கூற்றுப் பொருந்தாது. என்னை? ஒலிபெருக்கி குரலைப் பெருக்கும், குரல்களைப் பலவாக்காது. பின்பாட்டின் தலையாய பயன் ஒருவர் கூற்றைப் பலர் கூற்றாக்குதல். துகிலுரிதல் நிகழும் இரவில் திரௌபதி கண்ணனை அழைத்துப் பாடும் அடியைப் பின்பாட்டார் வாங்கும்போது, அவையில் ஒருவரும் வாய்திறவாத இடத்தில் அவளுக்காக வாய்திறப்போர் சிலர் இருக்கின்றனர். கதையில் வீடுமனும் துரோணனும் வாளா இருக்கின்றனர். களத்திலோ பின்னின்ற கூத்தர் அவளுடன் சேர்ந்து அழைக்கின்றனர். அவ்வேளையில் கருப்பூரம் ஏற்றுதலும், துச்சாதனன் வேடம் பூண்டவர் தம்மை மறந்து ஆவேசமுறுதலும் இவ்வட்டாரத்துக் களங்களில் நிகழ்வன. ஏட்டில் இரண்டாம் முறை அச்சிட்டால் வீணாகத் தோன்றும் அவ்வடி, கதையில் இல்லாத ஓர் அறத்தைக் களத்தில் நிறைவேற்றுகின்றது. அதனைக் கூறியது கூறல் என்னும் குற்றத்துள் அடக்குதல் எங்ஙனம் பொருந்தும்?

அருச்சுனன் தவசு ஆடும் நாளில் இதன் வேறொரு பயனைக் காண்கின்றோம். உயரமாக நட்ட தவமரத்தின்மேல் அருச்சுனன் படிப்படியாக ஏறிக்கொண்டே பாடுகின்றான். மக்கட்பேறு வேண்டும் மகளிர் மரத்தைச் சுற்றி நோன்புடன் இருப்பர். உச்சியிலிருந்து அவன் எறியும் எலுமிச்சங்கனி முதலியவற்றை ஏற்பர். மேலே ஏறுந்தோறும் அவன் குரல் காற்றிற் கரையும். மரத்தின் அடியில் நின்ற பின்பாட்டார் அவ்வடியைத் தாங்கி நிலத்திற்குக் கொணர்கின்றனர். வானை நோக்கிச் செல்லும் பாட்டுக்கும் மண்ணில் நின்று கேட்போர்க்கும் இடையே அவர் பாலமாக நிற்கின்றனர்.

குறையும் அடிகள்

யாப்பமைதி கெடுதல் என்னும் மூன்றாம் குறைக்கு விடை எளிது. கூத்துத் தருக்கள் இசைப்பாக்கள். அச்சு நூல்களிலும் பாட்டின் தலைப்பில் இராகமும் தாளமும் குறிக்கப்பெறுகின்றன. எட்டு எண்ணிக்கை கொண்ட ஒரு தாளவட்டத்தில் ஓரடியின் சொற்கள் ஆறாம் எண்ணிக்கையில் முடிவதாகக் கொள்வோம். எஞ்சிய இரண்டும் வெற்றிடமல்ல, முகவீணைக்கு உரியன. நாகசுரத்தினும் மிகச் சிறியதாய், கூரிய ஓசையுடையதாய் விளங்கும் அக்குழற்கருவி, பாடுவோர் விட்ட இடத்தில் தொட்டு அடியை முடித்துவைக்கும். சில அடிகளில் அவ்விடத்தைப் பின்பாட்டார் ஈற்றுச் சீரை மடக்கி நிரப்புவர். சொல்லை மட்டும் எண்ணுவார்க்கு அடி குறைகின்றது. காலத்தை எண்ணுவார்க்கு அடி நிறைந்திருக்கின்றது.

பெண் வேடம் பூண்டாரும் ஆண் வேடம் பூண்டாரும் ஒரே சுருதியிற் பாட வேண்டியிருத்தலையும் ஈண்டுக் கருத வேண்டும். ஆர்மோனியத்தின் சுருதி இரவு முழுதும் ஒன்றாக நிற்ப, வீமனும் திரௌபதியும் கண்ணனும் அதனுள் நின்றே பாடுகின்றனர். பாத்திரங்களை வேறுபடுத்துவன சுருதியல்ல. இராகமும் நடையும், முகவீணையார் இழைக்கும் குழைவுமே ஆகும். இவற்றுள் இராகத்தின் பெயரன்றிப் பிற அச்சு நூலில் இடம்பெறுவதில்லை.

பின்பாட்டு நடுவர் அன்று

கிரேக்க நாடகத்தின் குழுப்பாடகருடன் பின்பாட்டாரை ஒப்பிட்டுக் கூறும் வழக்கம் உண்டு. இவ்வொப்பீடு ஓரளவே பொருந்தும். கிரேக்கக் குழுவினர் நிகழ்ச்சியை உற்று நோக்கி, ஐயுற்று, அஞ்சி, அறிவுரை கூறி நிற்பர். அவர்க்கெனச் சொற்கள் உண்டு. நம் பின்பாட்டார்க்கெனத் தனிச்சொல் இல்லை. அவர் பாடுவது பிறர் சொல்லே. மறித்துக் கேட்டலும் எள்ளி நகையாடுதலும் கட்டியங்காரனுக்கு உரியன.

கர்ண மோட்சக் கூத்தில் வரும் தருக்கப் பாட்டுகளை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். போருக்குப் புறப்படும் கர்ணனுக்கும் அவன் மனைவி பொன்னுருவிக்கும் இடையே நிகழும் வழக்கு அது. அவன் பிறப்பறியாதவன் என்பது பற்றி அவள் அவனை இகழ்ந்து வந்தவள். அவன் தன் பெருமையைப் பாடும்போது பின்பாட்டார் அதனை வாங்கி முழங்குகின்றனர். அவள் அதனை மறுத்துப் பாடும்போது அதே பின்பாட்டார் அதே முழக்கத்துடன் அவள் மறுப்பையும் பாடுகின்றனர். ஒருவர்க்கு ஓங்கியும் மற்றவர்க்குத் தாழ்ந்தும் அவர் குரல் ஒலிப்பதில்லை.

இதனை நடுவுநிலைமை எனலாமா? எனலாகாது. நடுவர் இருவரையும் விலகி நின்று நோக்குபவர். பின்பாட்டார் இருவருள்ளும் புகுந்து பாடுபவர். இருவர்க்கும் முழுமையாகத் தம் குரலை ஈவதனால், கேட்போர் ஒருவர் பக்கம் எளிதிற் சாய முடியாமற் போகின்றது. கணவனின் பெருமிதமும் மனைவியின் இகழ்ச்சியும் ஒருங்கே ஊரின் குரலாக ஒலிக்கின்றன. பிறப்பினைக் குறித்த அவ்வழக்கு இன்றும் முடியாத வழக்காதலின், கர்ணனின் சாவு களத்தில் அமர்ந்தோரை அத்துணை வருத்துகின்றது. கூத்துப் பாட்டின் இலக்கியச் சிறப்பினை உரைப்போர் இவ்விரட்டை ஆதரவினை விடுத்து உரைத்தல் இயலாது.

எனினும் பின்பாட்டு எங்கும் சிறந்தே நிற்கும் என்று நாம் கூறவில்லை. விடியற்காலத்தில் சோர்ந்த குரல்கள் பொருளறியாது மடக்கிப் பாடுதலும், நடிகரின் சொல் முடியுமுன்னரே வாங்கி அதனை மூடிவிடுதலும் உண்டு. அத்தகைய இடங்களில் வசனமே பொருளைக் காப்பாற்றுகின்றது. திறனாய்வாளர் இவ்விரு நிலைகளையும் வேறுபடுத்திக் காணல் வேண்டும். அதற்கும் அவர் பின்பாட்டைக் கேட்டிருத்தல் வேண்டும்.

அரங்கேற்று காதை காட்டும் முறை

ஆடுவோரைக் கூறுதற்கு முன் ஆட்டுவிப்போரைக் கூறும் முறையை மலைபடுகடாத்திற் கண்டோம். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் அம்முறை முழுமை பெற்றுள்ளது. மாதவி ஏழாண்டுகள் பயின்று பன்னிரண்டாம் ஆண்டில் அரங்கேறுகின்றாள். அவள் ஆடலைக் கூறுமுன் இளங்கோவடிகள் ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகிய அறுவரின் இலக்கணத்தை ஒவ்வொன்றாக விரித்துரைக்கின்றார். பின்னர் எட்டுக் கோல் நீளமும் ஏழு கோல் அகலமும் ஒரு கோல் உயரமும் உடைய அரங்கினையும், ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்னும் மூவகைத் திரைகளையும் கூறுகின்றார். அதன் பின்னரே மாதவி வலக்கால் முன்வைத்து அரங்கேறுகின்றாள்.

நம் பொருளுக்கு இன்றியமையாதவர் அங்குத் தோன்றும் தோரிய மகளிர். ஆடி முதிர்ந்து பின்னர்ப் பாடுமகளிராக அமைந்தோர் இவர் என்பது உரையினால் விளங்கும். இவர் இடப்பக்கத்துத் தூணருகே நின்று வாரம் பாடுகின்றனர். பின்னர்க் குழலின் வழி யாழும், யாழின் வழித் தண்ணுமையும், தண்ணுமையின் வழி முழவும் நின்றதாக அடிகள் கூறும் வரிசை, பின்னுள்ளோர் ஒருவரையொருவர் பற்றி நிற்கும் ஒழுங்கினைத் தெளிவுறக் காட்டும். கால் தளர்ந்த கூத்தர் விசுப்பலகையின் அருகே நின்று பின்பாட்டுப் பாடும் இக்காலக் காட்சியும், ஆடி முதிர்ந்த மகளிர் தூணருகே நின்று வாரம் பாடிய அக்காலக் காட்சியும், ஆடுகலையில் முதுமைக்கு இடம் வகுத்த இருவேறு நெறிகளாக நமக்குத் தோன்றுகின்றன. ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் மாதவிக்கு உரியதாயிற்று. காப்பியத்தில் நிலைத்த இடமோ அறுவர்க்கும் தோரிய மகளிர்க்கும் உரியதாயிற்று.

தொலைக்காட்சியும் கூத்துப் பாட்டும்

பின்னுள்ளோரை மறக்கும் வழக்கம் நம் காலத்தில் புதுவடிவம் பெற்றுள்ளது. அமெரிக்க நாட்டில் 1948 முதல் 1971 வரை ஒளிபரப்பான எட் சல்லிவனின் பல்சுவை நிகழ்ச்சி பெரும்புகழ் பெற்றது. அதில் தோன்றிய பாடகர் பெயர்கள் உலகறிந்தவை; அவருட் பலர்க்குப் பின்னணி இசை நடத்திய ரே பிளாக் என்பாரின் பெயரை அறிந்தோர் சிலரே. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கப்பெற்றது. வெள்ளிக்கிழமை மாலைகளில் அது ஒளிபரப்பிய ஒளியும் ஒலியும் என்னும் திரைப்பாடல் நிகழ்ச்சிக்காகத் தமிழ்நாட்டுத் தெருக்கள் வெறிச்சோடின. திரைப்பாடலிலோ முகம் ஒருவருடையது, குரல் ஒருவருடையது, சொல் ஒருவருடையது, கருவி பலருடையது. கண்முன் நிற்பது முகம் ஒன்றே. பிற்காலத்துப் பாட்டுப் போட்டி நிகழ்ச்சிகளில் இசைக்குழுவினர் திரையிற் காட்டப்பெறுகின்றனர். ஆயினும் பாட்டின் உரிமை பாடும் ஒருவருடையதாகவே அங்கும் கருதப்பெறுகின்றது.

இம்முறை திரைப்பாடலுக்குப் பொருந்தலாம். கூத்தினை ஒளிப்பதிவு செய்யும்போதும் இதே கண்ணோட்டத்தைக் கொள்ளுதலே நாம் வருந்துவது. ஒளிப்படக் கருவி அரிதாரம் பூசிய முகத்தை அணுகிக் காட்டுகின்றது. நடிகர் அடியைப் பாடி முடித்துப் பின்பாட்டார் வாங்கும்போது காட்சி வேறிடம் பெயர்கின்றது. அல்லது திரும்பக் கூறலாகக் கருதப்பெற்று வெட்டப்படுகின்றது. இரவு முழுதும் ஆடும் கூத்தினை ஒரு மணி நேரத்தில் அடக்க வேண்டுவார் முதலில் நீக்குவது பின்பாட்டையே. எஞ்சுவது பாட்டின் ஒரு பாதியேயாகும்.

நகர அரங்கிற் கூத்து ஏறிய வரலாற்றிலும் இவ்வினா உள்ளது. செய்யாற்றை அடுத்த புரிசையின் நடேசத் தம்பிரான், கண்ணப்பத் தம்பிரான் ஆகியோரின் கலை நகரத்தார் கருத்தைக் கவர்ந்தது. 1977இல் தொடங்கப்பெற்ற கூத்துப்பட்டறையின் ந. முத்துசாமி புரிசைக் கூத்தினைத் தம் நாடக முயற்சிகளுக்கு ஊற்றாகக் கொண்டார். அவரால் கூத்தின் உடலசைவும் குரலாற்றலும் நவீன நாடகத்தார்க்குப் பாடமாயின. நடிகரின் கலையை நகரம் கற்றுக்கொண்டது. பின்பாட்டாரின் கலையை அந்த அளவிற்குக் கற்றுக்கொண்டதா என்பது ஆராயத்தக்கது.

பதிப்பு முறை

கூத்து நூல்கள் பெரும்பாலும் எளிய பதிப்புகளாக வெளிவந்தவை. சென்னை இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்ற பதிப்பகங்கள் வெளியிட்ட மலிவு நூல்களே பல வாத்தியார்களின் கைகளில் இருந்தன; அவற்றினும் மிகுதியாகக் கையெழுத்து நோட்டுகள் இருந்தன. இவை கூத்தர்க்கெனவே அமைந்தவை. பின்பாட்டு எங்கு வரும் என்பதனை அவர் முன்னரே அறிவாராதலின் அதனை எழுதிவைக்கவில்லை. கூத்தரல்லாத நாம் அந்நூல்களை ஆராய்ச்சிக்குக் கொள்ளும்போது அவ்வறிவு நம்மிடம் இல்லை. அயல்நாட்டு அறிஞருள் ஹில்டெபைட்டல் 1988இலும், ஃப்ராஸ்கா 1990இலும், ஹன்னே டி ப்ரூயின் 1999இலும் வெளியிட்ட நூல்கள் இக்கூத்தின் வழிபாட்டுச் சூழலையும் ஆடுமுறையையும் விரிவாக ஆராய்ந்துள்ளன. பாட்டினைத் தமிழ் மொழியில், தமிழ் யாப்பும் இலக்கணமும் அறிந்தோர் பதிப்பித்தல் தமிழ்த்துறைகளின் கடமையாகும்.

அப்பதிப்பில் நான்கு முறைகளைக் கைக்கொள்ளல் வேண்டும் என்பது எம் கருத்து. முதலாவது, ஒவ்வோர் அடியிலும் நடிகர் பாடும் பகுதியையும் பின்பாட்டார் வாங்கும் பகுதியையும் வேறு எழுத்தாற் காட்டல் வேண்டும். இரண்டாவது, முகவீணையும் தாளமும் நிரப்பும் இடங்களைக் குறியிட்டு உணர்த்தல் வேண்டும். மூன்றாவது, மடக்கினை மிகை எனக் கருதி நீக்காது, எத்தனை முறை வந்தது என்பதனையேனும் குறித்தல் வேண்டும். நான்காவது, எந்தக் களத்தில் எந்நாளில் கேட்டு எழுதப்பெற்றதோ அக்களத்தின் வாத்தியார், பின்பாட்டார், கருவியாளர் ஆகியோரின் பெயர்களை, அவர் இசைவுடன், நடிகர் பெயர்களோடு ஒப்ப அச்சிடல் வேண்டும். ஒலிப்பதிவினைப் பதிப்புடன் சேர்த்துக் காத்தல் இக்காலத்தில் அரிய செயலன்று.

இப்பணியை நெடுங்காலம் ஒத்திவைத்தல் இயலாது. ஆர்மோனியம் வாசிப்போர் கிடைப்பது போல் முகவீணை வாசிப்போர் எளிதிற் கிடைப்பதில்லை. முகவீணை நீங்கிய களத்தில் அடியின் இறுதி வெறுமையாகின்றது; அவ்வெறுமையை நிரப்பப் பாட்டின் நடையே மாறுகின்றது. நாளைய ஆராய்ச்சியாளர் அம்மாற்றத்தையே பழைய வடிவம் எனக் கொள்ளவும் கூடும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கூத்துப் பாட்டின்மேல் ஏற்றப்பெறும் இடவழு, கூறியது கூறல், யாப்புக் குறை ஆகிய மூன்றும் பாட்டின் குறைகள் அல்ல என்பதும், பாட்டினைப் பாதியாக எழுதிக் கொண்டமையால் விளைந்தவை என்பதும் பெறப்படும். தன்னைப் படர்க்கையில் பாடுதல் மனிதர் பாத்திரமாகும் நெறி. மடக்கு ஒருவர் துயரைப் பலர் துயராக்கும் நெறி. அடியின் குறைவு கருவிக்கு இடம் விடும் நெறி. இம்மூன்றும் பின்பாட்டினால் நிறைவு பெறுகின்றன.

நாடக இலக்கணம் வகுத்த பரிதிமாற் கலைஞரின் நாடகவியலும் (1897), சேக்சுபியரின் நாடகங்களை ஆராய்ந்த விபுலாநந்த அடிகளின் மதங்க சூளாமணியும் (1926) தமிழுக்கு வளம் சேர்த்தவை. அவை எழுந்த நோக்கம் வேறு. அவற்றின் அளவுகோல்களை மட்டும் கொண்டு கூத்துப் பாட்டினை அளத்தல் நிறைவாகாது. கூத்துக்குரிய அளவுகோலைக் கூத்துக் களத்திலேயே தேட வேண்டும். செங்கத்தையும் புரிசையையும் தன்னகத்தே கொண்ட இத்திருவண்ணாமலை வட்டாரம் அத்தேடலுக்கு ஏற்ற இடம். பங்குனி முதல் ஆடி வரை திரௌபதியம்மன் கோயில்களில் பகலிற் பாரதம் படிக்கப்பெற்று இரவிற் கூத்து நிகழ்கின்றது. இலக்கிய மாணாக்கர் களத்திற்குச் செல்லும்போது முன்வரிசையில் அமர்ந்து முகத்தை மட்டும் நோக்காது, விசுப்பலகையின் அருகே ஓர் இரவேனும் அமர்ந்து கேட்பாராயின், ஏட்டில் எழுதப்பெறாத மறுபாதிப் பாட்டு அவர்க்குப் புலனாகும்.